வல்லூற்றின் பாய்ச்சலும் உடைந்த முட்டையும்



மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வானத்தில் வட்டமிடுவது எதுவானாலும் அது "கழுகு"தான். பள்ளித் திடலுக்கு மேல் சிறகை விரித்து மிதக்கும் செம்பருந்தும் கழுகு. மார்ச் மாதம் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் கூட்டம் கூட்டமாகக் கடலைக் கடந்து வரும் தேன்பருந்தும் கழுகு. "எல்லாம் ஒன்னுதானே சார், கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போகும்" என்று ஒரு மாணவன் என்னிடமே சொல்லியிருக்கிறான்.

ஒன்று இல்லை. செம்பருந்து நீர்ப்பரப்பில் கிடைக்கும் மீனையும் செத்து மிதப்பதையும் காலால் அள்ளிக்கொண்டு போகும். தேன்பருந்து குளவிக் கூட்டைப் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்னும். பறந்துகொண்டிருக்கும் பறவையைப் பறந்தபடியே அடித்துப் பிடிக்கிற பறவை வேறு. அதன் பெயர் பொரி வல்லூறு. ஆங்கிலத்தில் பெரிகிரின் ஃபால்கன். பெரிகிரின் என்றால் ஊர் ஊராகத் திரியும் யாத்திரிகன். பேருக்கு ஏற்றபடி அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. வலசை காலத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போகிறது.

"வரலாற்றுக் கட்டுரை என்று சொல்லிவிட்டு அறிவியல் பாடம் எடுக்கிறாரே" என்று நினைக்காதீர்கள். இந்தப் பறவை எப்படி வேட்டையாடுகிறது, எதைத் தின்கிறது என்பது தெரியாமல் இதன் வரலாறு புரியாது. அதனால் முதலில் வேட்டையைப் பார்த்துவிடுவோம்.

பொரி வல்லூறு உயரமான இடத்தைத் தேடும். செங்குத்துப் பாறை, கோபுரம், அடுக்குமாடிக் கட்டடத்தின் விளிம்பு, எதுவானாலும் சரி. கீழே புறா ஒன்று கடந்தால் கிளம்பி, அதற்கு மேலே ஏறி, சிறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு தலைகீழாக விழும். பறப்பது அல்ல, கல் மாதிரி விழுவது. வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். 1999-இல் அமெரிக்காவில் கென் ஃபிராங்க்ளின் என்பவர், தான் பழக்கிய பெண் வல்லூற்றோடு விமானத்திலிருந்து குதித்து, கூடவே விழுந்தபடி அளந்தார். 389 கிலோமீட்டர் வந்தது. இதைவிட வேகமான விலங்கு உலகில் இல்லை.

அந்த வேகத்தில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, பார்ப்பது. வல்லூற்றின் ஒவ்வொரு கண்ணிலும் கூர்மையாகப் பார்க்கும் புள்ளிகள் இரண்டு உள்ளன. மிகக் கூர்மையான புள்ளி நேராகப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 40 பாகை பக்கவாட்டில் பார்க்கிறது. தூரத்துப் புறாவைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் காற்று தடுக்கும், வேகம் குறையும். என்ன செய்வது? தலையை நேராக வைத்துக்கொண்டு பாதையை வளைத்துவிடுகிறது. சுருள் வடிவில் இறங்கினால் புறா எப்போதும் பக்கவாட்டுக் கண்ணிலேயே இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் வான்ஸ் டக்கர் 2000-இல் விளக்கியது இது. நேர்கோடுதான் குறுகிய வழி என்று கணிதப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். வல்லூற்றுக்கு வளைவுதான் விரைவான வழி.

இரண்டாவது, அடிப்பது. புறா சும்மா இருக்குமா? திரும்பும், விலகும். 2017-இல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் வல்லூறுகளின் மேல் சிறு கேமராவும் ஜி.பி.எஸ். கருவியும் பொருத்திப் பார்த்தார்கள். இரை தெரியும் திசை எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அந்த விகிதத்துக்கு ஏற்ப வல்லூறு தன் பாதையைத் திருப்புகிறது. இலக்கைத் துரத்தும் ஏவுகணைகளில் பொறியாளர்கள் வைத்திருப்பதும் இதே விதிதான். இவ்வளவு இருந்தும் பல முறை குறி தவறும், அதையும் சொல்லிவிட வேண்டும். குறி தவறாவிட்டால் காலால் ஓர் அடி. விழும் புறாவைத் திரும்பி வந்து பிடித்து, உயிர் இருந்தால் கழுத்தைக் கடிக்கும். மேல் அலகின் ஓரத்தில் பல் போன்ற ஒரு முனை அதற்கென்றே இருக்கிறது. கழுகும் பருந்தும் நகத்தால் இறுக்கிக் கொல்லும். வல்லூறு கடித்துக் கொல்லும்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் உணவு பெரும்பாலும் பறவைகள். அந்தப் பறவைகளில் பல தானியம் தின்பவை, பூச்சி தின்பவை. இது பிறகு வரும்.

இப்போது மனிதன் கதைக்குள் வருகிறான். வல்லூற்றைப் பழக்கி வேட்டைக்கு விடும் கலை ஆசியாவில் தோன்றி, அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் அரசவைக் கலையாக வளர்ந்தது. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இரண்டாம் ஃபிரடெரிக். 1194-இல் பிறந்து 1250-இல் இறந்த புனித ரோமானியப் பேரரசர். சிசிலியில் வளர்ந்தவர். போப்பாண்டவரோடு ஓயாத சண்டை. இவர் எழுதிய "பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை" என்ற லத்தீன் நூல், வேட்டைக் கையேடு மட்டுமல்ல; பறவைகளின் உடலமைப்பு, வலசை, கூடு என்று நேரில் பார்த்ததை எழுதிய நூல். அரிஸ்டாட்டில் சொன்னதே ஆனாலும் தன் கண்ணுக்கு ஒத்துவராவிட்டால் ஏற்க மாட்டார். பிணந்தின்னிக் கழுகு வாசனையை மோந்துதான் இரையைக் கண்டுபிடிக்கிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். இவர் அவற்றின் கண்ணை மூடி, மூக்கைத் திறந்துவிட்டு, முன்னால் இறைச்சியைப் போட்டுப் பார்த்தார். அவை கண்டுகொள்ளவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் இப்படி ஒரு சோதனை! வேட்டைப் பறவையின் தலையில் மாட்டும் கண்மூடித் தொப்பியை அரபு வேட்டைக்காரர்களிடமிருந்து கற்றதாகவும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த ஆசை அவரைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. 1248 பிப்ரவரியில் இத்தாலியின் பார்மா நகரை முற்றுகையிட்டிருந்தார். ஒரு நாள் வழக்கம்போல வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். பேரரசர் இல்லாத நேரம் பார்த்து நகரத்தார் வெளியே பாய்ந்து முகாமையே சூறையாடிவிட்டார்கள். கருவூலம் போயிற்று, மகுடம் போயிற்று, அவர் பார்த்துப் பார்த்து எழுதிய நூலின் அழகான பிரதியும் போயிற்று. இன்று வத்திகான் நூலகத்தில் படங்களோடு இருப்பது அவர் மகன் மான்ஃபிரட் தொகுத்த பிரதி.

அரசர் கையில் உட்கார்ந்திருந்த பறவை எப்படி எதிரி ஆயிற்று? துப்பாக்கி வந்ததுதான் திருப்பம். துப்பாக்கி இருக்கும்போது வாத்தைச் சுட வல்லூறு எதற்கு? பழக்குவதற்கு வாரக்கணக்கில் தூக்கம் கெட வேண்டும், தினமும் இறைச்சி போட வேண்டும். அதைவிட முக்கியம், பிரிட்டனில் நிலப்பிரபுக்கள் தங்கள் காடுகளில் சுடுவதற்கென்றே பறவைகளை வளர்க்கத் தொடங்கினார்கள். தான் சுட வேண்டியதை வல்லூறு அடித்துக்கொண்டு போனால் விடுவார்களா? 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் காவற்காரர்களுக்குக் கிடைத்த கட்டளை, கண்டால் சுடு என்பது. வல்லூறு தன் வேட்டையில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. மனிதனின் தேவை மாறியது, அவ்வளவுதான்.

அடுத்து இரண்டாம் உலகப் போர். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் கூண்டில் புறாக்களை ஏற்றிச் சென்றன. விமானம் கடலில் விழுந்து வானொலியும் செயலிழந்தால், புறாவை விடுவார்கள். அது வீடு திரும்பும். வேடிக்கை என்று நினைக்காதீங்க. 1942 பிப்ரவரியில் வட கடலில் ஒரு விமானம் விழுந்தது. நான்கு பேர் குளிர்ந்த நீரில். இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. விங்க்கி என்ற பெண் புறா, இறகெல்லாம் எண்ணெய் ஒட்டியபடி, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் பறந்து ஸ்காட்லாந்தில் இருந்த தன் கூட்டுக்கு வந்து சேர்ந்தது. காலில் செய்தி ஏதும் கட்டியிருக்கவில்லை. விமானம் விழுந்த நேரம், புறா வந்த நேரம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கணக்குப் போட்டு இடத்தைக் குறித்தார்கள். நால்வரும் மீட்கப்பட்டார்கள். விங்க்கிக்கு 1943-இல் விலங்குகளுக்கான வீரப் பதக்கம் கிடைத்தது.

இப்போது அரசாங்கத்தின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். புறா ஒன்று நான்கு உயிரைக் காக்கும். வல்லூறு அந்தப் புறாவைக் கடற்கரைப் பாறையில் காத்திருந்து அடிக்கும். 1940-இல் வல்லூறுகளை அழிக்கும் ஆணை பிறந்தது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 600 வல்லூறுகள் கொல்லப்பட்டன. குஞ்சும் முட்டையும் தனி. போரில் பறவைக்கும் பக்கம் பிரித்துவிட்டார்கள் என்பது வருத்தம்தான். ஆனால் அந்த முடிவை முட்டாள்தனம் என்று எளிதாகத் தள்ளவும் என்னால் முடியவில்லை. மாணவர்கள் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

போருக்குப் பின் ஆணை நீங்கியது. வல்லூறுகள் மெல்லப் பெருகின. அப்புறம்தான் கதையின் மையம் வருகிறது.

1960 வாக்கில் பிரிட்டனின் பந்தயப் புறா வளர்ப்போர் அரசிடம் முறையிட்டார்கள். வல்லூறுகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களை விட்டுவைப்பதில்லை, சட்டப் பாதுகாப்பை நீக்குங்கள் என்றார்கள். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை உடனே தலையாட்டவில்லை. முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று டெரெக் ராட்கிளிஃப் என்ற அறிவியலாளரிடம் ஒப்படைத்தது. 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகள் பாறை பாறையாகத் தேடினார்கள். வந்த விடை புகாருக்கு நேர் எதிர். பெருகவில்லை, சரிந்துகொண்டிருந்தது. போருக்கு முன் 870 இணைகள் அளவில் இருந்தது, 1963-க்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது. தென் இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கூடு இருந்த பாறைகள் காலியாகக் கிடந்தன.

சுட்டது யார்? யாரும் சுடவில்லை. அப்படியானால்?

முன்பு மனதில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். பொரி வல்லூறு தானியம் தின்னும் பறவையைத் தின்கிறது. 1950-களில் விதைகளைப் பூச்சியிடமிருந்து காக்க டீல்ட்ரின் போன்ற நஞ்சைப் பூசி விதைத்தார்கள். புறா விதையைப் பொறுக்கியது. ஒவ்வொரு விதையிலும் துளிதான். ஆனால் அது உடம்பை விட்டுப் போகாமல் கொழுப்பில் தங்கும். வல்லூறு ஒரு புறாவா தின்கிறது? வாரம் முழுதும் தின்கிறது. ஒவ்வொரு புறாவும் சேர்த்து வைத்தது வல்லூற்றின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. இன்னும் ஒன்று: தளர்ந்து பறக்கும் இரை வல்லூற்றின் கண்ணில் எளிதில் படும். நஞ்சு ஏறித் தள்ளாடும் புறா எளிதான இரை. எந்தத் திறமையால் வல்லூறு வானத்தை ஆண்டதோ அதே திறமை நஞ்சைத் தேடிப் பொறுக்கிக் கொடுத்தது.

இது பெரிய பறவைகள் செத்ததற்கு விளக்கம். ராட்கிளிஃபை உறுத்திய கேள்வி வேறு. 1951 முதலே கூடுகளில் உடைந்த முட்டைகளைப் பார்த்துக் குறித்து வந்தார். சில கூடுகளில் தாய்ப் பறவையே தன் முட்டையைத் தின்றுகொண்டிருந்தது. முன்பெல்லாம் இப்படி நடப்பது அரிது. ஏன் உடைகிறது? ஓடு மெலிந்துவிட்டதா? மெலிந்தது என்று சொல்ல வேண்டுமானால் பழைய முட்டை வேண்டுமே. அதற்கு எங்கே போவது?

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம் இதுதான். பிரிட்டனில் பறவை முட்டை சேகரிப்பது பல பேருக்கு வெறியாக இருந்த காலம் உண்டு. பாறையில் கயிறு கட்டி இறங்கி, செம்பழுப்பு நிற வல்லூற்று முட்டைகளை எடுத்து, சிறு துளையிட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, பஞ்சுப் பெட்டியில் அடுக்குவார்கள். எந்த நாள், எந்த இடம் என்று அட்டையில் எழுதி வைப்பார்கள். பறவைகளுக்கு இது பெருங்கேடு. 1954-இல் சட்டமே தடை செய்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் அருங்காட்சியகங்களிலும் வீடுகளிலும் இருந்தன. ஒவ்வொரு முட்டையும் தேதியிட்ட ஆவணம்! படிவம் 1-இல் முதல்நிலைச் சான்று என்று சொல்லிக்கொடுக்கிறோமே, ஓலைச்சுவடி, கல்வெட்டு, நாணயம் என்று? முட்டை ஓட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

முட்டையை உடைக்காமல் ஓட்டின் தடிமனை அளக்க முடியாது. ராட்கிளிஃப் எளிய வழி ஒன்று கண்டார். ஓட்டின் எடையை எடுத்து, முட்டையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தார். ஒரே அளவு முட்டைகளில் எது இலேசோ அது மெலிந்தது. ஆண்டு வாரியாக அடுக்கியபோது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சீராகப் போன கோடு 1947-ஐ ஒட்டித் திடீரென்று கீழே விழுந்தது. அதன்பின் ஓட்டின் கனம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1967-இல் இதை வெளியிட்டார்.

1947-ஐ ஒட்டி என்ன நடந்தது? போருக்காகத் தயாரான டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பொதுமக்கள் கைக்கும் வயலுக்கும் வந்தது.

இங்கே நம் மாணவர்கள் அவசரப்பட்டு "டி.டி.டி. ஒரு தீய கண்டுபிடிப்பு" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் நான் முழு மதிப்பெண் தர மாட்டேன். 1939-இல் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டார். 1948-இல் நோபல் பரிசு பெற்றார். 1943-44-இல் நேப்பிள்ஸ் நகரில் பேன் பரப்பிய டைஃபஸ் காய்ச்சலை நிறுத்த இந்தத் தூளும் உதவியது. மலேரியாவுக்காக 1950-களில் சரவாக்கின் நீள்வீடுகளிலும் தெளித்தார்கள். கோடிக்கணக்கான உயிர் பிழைத்தது. அதே பொருள் வயலிலும் தோட்டத்திலும் கணக்கின்றிக் கொட்டப்பட்டபோது, உடைந்து டி.டி.இ. என்ற பொருளாக மாறிப் பறவை உடலில் தங்கி, ஓட்டுக்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தடுத்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கியது.

நேரம் ஒத்துப்போவது மட்டும் சான்று ஆகாது என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். கேட்டது நியாயம். அமெரிக்காவின் பழைய முட்டைகளும் அதே கதையைச் சொன்னதை 1968-இல் காட்டினார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் சிறிய வல்லூறுகளுக்கு டி.டி.இ. கலந்த உணவைக் கொடுத்தார்கள், ஓடு மெலிந்தது. அதன்பின் மறுக்க இடமில்லை. அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. 1962-இல் வந்த ரேச்சல் கார்சனின் நூல் மக்களின் கண்ணைத் திறந்தது என்று பாடநூல்கள் சொல்லும், சரிதான். கூடவே ராட்கிளிஃபின் முட்டைப் பெட்டிகளையும் சொல்லிக்கொடுங்கள்.

தடை வந்தால் போதுமா? மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே 1964-இல் 133 பழைய கூட்டிடங்களைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வல்லூறு இல்லை. திரும்பி வருவதற்கு ஆளே இல்லாத நிலை. அங்கே கைகொடுத்தது அந்தப் பழைய அரசவைக் கலை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாம் கேட் அறிவியலாளர். அதோடு வல்லூறு வளர்ப்பவர். 1970-இல் பெரிகிரின் நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். வேட்டைக்கு வைத்திருந்த தங்கள் பறவைகளை வளர்ப்பாளர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூண்டில் குஞ்சு பொரித்தது. ஆனால் கூண்டுக் குஞ்சுக்கு வேட்டை சொல்லித்தர தாய் இல்லையே? வேட்டைக்காரர்களிடம் நூற்றாண்டுகளாக ஒரு முறை இருந்தது. பறக்கத் தொடங்கும் வயதுக் குஞ்சுகளை உயரமான இடத்தில் பெட்டியில் வைத்து, ஆள் முகம் காட்டாமல் உணவு போட்டு, ஒரு நாள் கதவைத் திறந்துவிடுவது. குஞ்சு பறந்து பழகும், பசித்தால் பெட்டிக்கு வரும். துரத்தித் துரத்தித் தானே வேட்டை கற்றதும் வருவதை நிறுத்திவிடும். பழைய பாறைகளில் வைத்தபோது பெரிய ஆந்தைகள் குஞ்சுகளைத் தூக்கின. அதனால் கோபுரங்களிலும் நகரக் கட்டடங்களிலும் வைத்தார்கள். 1974 முதல் 1997 வரை 4,000-க்கும் மேற்பட்ட வல்லூறுகள் விடப்பட்டன. 1999 ஆகஸ்டில் அமெரிக்கா, அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து பொரி வல்லூற்றின் பெயரை நீக்கியது. வல்லூறு வேட்டைக் கலையை யுனெஸ்கோ 2010-இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

நகரத்தில் வளர்ந்த வல்லூறுக்கு அடுக்குமாடிதான் பாறை. லண்டனில் பழைய மின்நிலையமாக இருந்து கலைக்கூடமாக மாறிய டேட் மாடர்னின் புகைபோக்கியில் வந்து உட்காரும்; கீழே தொலைநோக்கியோடு மக்கள் கூடியதும் உண்டு. தெரு விளக்கின் வெளிச்சத்தில், இரவில் வலசை போகும் பறவைகளை அடிக்கவும் கற்றுக்கொண்டது. பிரிட்டனில் 2014-இல் எண்ணியபோது 1,750 இணைகளுக்கு மேல் இருந்தன, போருக்கு முன் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. பந்தயப் புறா வளர்ப்போர் மறுபடியும் புகார் சொல்கிறார்கள், வல்லூறுகள் பெருகிவிட்டன என்று. இந்த முறை அவர்கள் சொல்லும் எண்ணிக்கை சரி.